மகனின் கடைசி ஏழு வருடங்கள்

மூடிய அறை:

இங்கே வெகுநாளாகப் படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. நீண்டுபோனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மூத்த மகன் போய் மூன்று வருடம் ஆகிறது. 24 வயது. இரவில் பைக்கில் திரும்பும்போது விபத்து. அதைப் பற்றி எழுத விருப்பமில்லை, எழுத வந்தது வேறு.

போன மாதம் அவன் நினைவு நாளுக்கு நண்பர்கள் நான்கு பேர் வந்திருந்தார்கள். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள், அப்புறம் ஒருவன் பேச ஆரம்பித்தான். இவர்கள் சேர்ந்து தங்கியிருந்த மாடி அறைக்கு வீட்டுக்காரர் வாடகை கேட்டு வந்தால் என் மகன்தான் போய்ப் பேசுவானாம், பேசிப் பேசிக் கடைசியில் அந்த மனிதர் தன் குடும்பக் கதையெல்லாம் சொல்லிவிட்டு வாடகையைக் கேட்காமலேயே படியிறங்கிவிடுவாராம். நான்கு பேரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். இவர்கள் யாரைப் பற்றிச் சொல்கிறார்கள் என்று நான் விழித்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த என் மகன் பேசவே மாட்டான். வீட்டுக்கு ஆள் வந்தால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறவன்.

17 வயதில் படிக்கப் போனான், அப்படியே வேலை. நடுவில் வந்து போனதையெல்லாம் சேர்த்தால் சில மாதங்கள் தேறும். மற்றபடி அந்த ஏழு வருடமும் அவன் எனக்குப் போனில் வந்த குரல்தான். "நல்லா இருக்கேன்பா", "பணம் இருக்குப்பா". அதற்கு மேல் என்ன பேசுவது என்று தெரியாமல் "இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்" என்று நான்தான் பாதி நாள் போனைக் கைமாற்றியிருக்கிறேன்.

இப்போது கண்ணை மூடினால் வருவது சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கால் சிராய்த்து நிற்கிற பத்து வயதுப் பையன். 24 வயது ஆள் வர மாட்டேன் என்கிறான். இறந்தவன் ஒருவன், நான் அழுவது வேறு ஒருவனுக்கு. அவனுக்குத் துரோகம் செய்கிற மாதிரி இருக்கிறது.

அவன் போன் விபத்தில் உடையவில்லை. மூன்று வருடமாக மனைவி அதைச் சார்ஜில் போட்டே வைத்திருக்கிறாள். திறக்கும் எண் தெரியாது. திறந்துகொடுக்க ஆள் இருக்கிறது என்று சொந்தக்காரப் பையன் ஒருவன் சொல்கிறான். எனக்குத் திறக்க ஆசை, அந்த ஏழு வருடமும் அதற்குள்தானே இருக்கும். தினமும் அவனைப் பற்றியே பேசுகிற என் மனைவிதான் கூடவே கூடாது என்கிறாள். "அவன் இருந்தா உங்க கையில குடுத்திருப்பானா?" என்றாள். மூன்று வருடமாக அவன் பேச்சையே எடுக்காதவருக்கு இப்போது என்ன அக்கறை என்பதும் அதற்குள் இருந்தது. சொல்லவில்லை, ஆனால் எனக்குக் கேட்டது.

இப்படிப் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். போனைத் திறக்கலாமா? திறக்காமல் அந்த ஆளைத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா?

---

பதினோராம் வருடம்:

வாங்க ஐயா. இந்த இடத்துக்கு யாரையும் வாங்க என்று சொல்லக்கூடாது, இருந்தாலும் வேறு வார்த்தை இல்லை.

என் மகன் 26 வயதில் ரத்தப் புற்றுநோயில் போனான். 14 மாதம் பக்கத்திலேயே இருந்தேன், அதனால் எனக்கு அவனை முழுக்கத் தெரியும் என்று நினைக்காதீர்கள். அந்த 14 மாதமும் மருந்து, ரத்த அணு எண்ணிக்கை, அடுத்த தேதி, இதுதான் எங்கள் பேச்சு. அவனுக்குக் கல்யாணத்தில் விருப்பம் இருந்ததா இல்லையா என்றுகூடக் கேட்டதில்லை, கேட்டால் மனசு உடைந்துவிடுமோ என்ற பயம், அவன் மனசா என் மனசா என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை.

நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். அவன் நண்பர்களைக் கூப்பிட்டு "என் பையன் எப்படிப்பா இருந்தான்?" என்று கேட்டேன். எல்லாரும் ஒரே மாதிரி "ரொம்ப நல்லவன் ஆன்ட்டி" என்றார்கள். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஊரில் செத்த எல்லாருமே ரொம்ப நல்லவர்கள்தான். அப்புறம்தான் கேட்கிற விதத்தை மாற்றினேன். காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பான், யாரோடு அடிக்கடி சண்டை வரும், கோபம் வந்தால் கத்துவானா பேசாமல் இருப்பானா, பஸ்ஸில் ஜன்னல் ஓரம் வேண்டும் என்பானா. இப்படிச் சின்னச் சின்னதாகக் கேட்டால் பிள்ளைகள் யோசிக்காமல் பதில் சொல்வார்கள். ஒரு பெண் சொன்னாள், பரீட்சைக்கு முந்தின நாள் அவன் அறையைப் பெருக்கித் துடைப்பானாம், படிக்க உட்காருவதைத் தள்ளிப்போட. என் வீட்டில் ஒரு நாள் துடைப்பத்தைத் தொட்டதில்லை! அந்த ஒரு விஷயத்தை வைத்துக்கொண்டு நான் ஒரு மாதம் ஓட்டினேன்.

உங்களுக்கு அந்த வாடகைக் கதை கிடைத்திருக்கிறது. அது உங்கள் மகனே இல்லை என்று நினைத்தீர்கள். அதுவும் அவன்தான் ஐயா.

---

வன்பொருள்காரன்:

சார், மற்றதை அப்புறம் பேசலாம், முதலில் அந்தப் போனைச் சார்ஜிலிருந்து எடுங்கள். தயவுசெய்து இன்றைக்கே. மூன்று வருடம் நூறு சதவீதத்திலேயே நிற்கிற லித்தியம் பேட்டரி உப்பிப்போக வாய்ப்பு அதிகம். பின்பக்கம் தூக்கியிருக்கிறதா, திரை ஓரத்தில் விரிந்திருக்கிறதா என்று பாருங்கள். உப்பியிருந்தால் அழுத்தாதீர்கள், நீங்களாகத் திறக்காதீர்கள், தெரிந்த ஆளிடம் பேட்டரியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், உள்ளே இருப்பது போகாது. நன்றாக இருந்தால் பாதி அளவு சார்ஜில் அணைத்து, வெயிலோ ஈரமோ படாத இடத்தில் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை எடுத்து மறுபடி பாதிக்கு ஏற்றினால் போதும். முழுக்க இறங்கவிட்டாலும் கெட்டுப்போகும்.

அடுத்தது, எண்ணை ஊகித்துப் போட்டுப் பார்க்காதீர்கள். பிறந்த தேதி, வண்டி எண் என்று ஆரம்பிப்பார்கள். சில போன்களில் பத்துத் தடவை தப்பானால் எல்லாம் அழிந்துவிடும்படி வைத்திருப்பார்கள், உங்கள் மகன் வைத்திருந்தானா என்பது அவனுக்குத்தான் தெரியும். திறந்துகொடுக்கிறேன் என்று வருகிற ஆட்களில் பலர் செய்வது எல்லாவற்றையும் அழித்துப் புதுப் போனாக்கித் தருவதுதான். உங்களுக்கு வேண்டியது அதுவா?

கணக்குகள் விஷயம். கூகுள், இரண்டு வருடம் யாரும் தொடாத தனிநபர் கணக்குகளை நீக்கும் வேலையை 2023 டிசம்பரில் ஆரம்பித்துவிட்டது. இறந்தவரின் குடும்பம் விண்ணப்பிக்க வழி உண்டு, கடவுச்சொல்லைத் தர மாட்டார்கள், சில சமயம் உள்ளிருப்பதில் கொஞ்சம் தருவார்கள். ஆப்பிளில் 2021 டிசம்பரிலிருந்து, தனக்குப் பிறகு யார் பார்க்கலாம் என்று உயிரோடு இருக்கும்போதே குறித்துவைக்கலாம். 24 வயதில் யார் குறிப்பார்கள், அது வேறு. ஃபேஸ்புக் கணக்கை நினைவுக் கணக்காக மாற்றலாம், அப்போதும் அவர் பேசிய தனிப்பட்ட செய்திகளை யாரும் படிக்க முடியாது.

எல்லாவற்றையும்விட முக்கியம், அவன் உங்களுக்கும் அம்மாவுக்கும் அனுப்பிய குரல் பதிவுகள் அவன் போனில் மட்டும் இல்லை, உங்கள் போன்களிலேயே இருக்கின்றன. உங்கள் போன் தொலைந்தால் அவையும் போய்விடும். வெளியே எடுத்து இரண்டு இடத்தில் சேமித்துவையுங்கள். எப்படி என்று தெரியாவிட்டால் தனிமடல் போடுங்கள், படிப்படியாகச் சொல்கிறேன்.

---

மூடிய அறை:

தம்பி, இப்போதுதான் போய்ப் பார்த்தேன். பின்பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டிருக்கிறது. எடுத்துவிட்டேன். எடுக்கும்போது மனைவி பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், ஏதோ ஆஸ்பத்திரியில் குழாயைக் கழற்றுகிற மாதிரி.

---

கடைசி பெஞ்ச்:

நான் உங்கள் பக்கம் இல்லை அங்கிள், எதிர்ப்பக்கம். என் அறைத்தோழன் 23 வயதில் போய்விட்டான். எனக்கு இப்போது 29.

அவன் அப்பாவுக்கு நான் போன் செய்வதே இல்லை. நாங்கள் மறந்துவிட்டோம் என்று நினைத்திருப்பார். உண்மை என்ன என்றால், என் குரலைக் கேட்டால் "உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா, வேலை எப்படி" என்று கேட்பார், நான் நல்லபடியாக இருக்கிறேன் என்று சொல்ல வேண்டியிருக்கும், அதை அவரிடம் எப்படிச் சொல்வது? அவர் மகன் 23-லேயே நிற்கிறான், நான் மட்டும் வளர்ந்துகொண்டே போகிறேன். இன்னொன்று, அன்றைக்கு அவன் கிளம்பும்போது நான் தூங்கிக்கொண்டிருந்தேன். அதைக் கேட்டுவிடுவாரோ என்ற பயம். ஆறு வருடமாக அவர் கேட்கவில்லை, நானும் போய் நிற்கவில்லை.

அதனால் நீங்களே கூப்பிடுங்கள். நாங்களாக வர மாட்டோம்.

போனைத் திறக்காதீர்கள் அங்கிள். உள்ளே பெரிய குற்றம் ஒன்றும் இருக்காது. யாரையோ கிண்டல் செய்திருப்பான், உங்களையே கிண்டல் செய்திருப்பான், ஒரு கெட்ட நாளில் "எங்கப்பாவுக்கு என்னைப் பிடிக்காதுடா" என்று எழுதியிருப்பான். அடுத்த நாள் அவனுக்கே அது ஞாபகம் இருந்திருக்காது. உங்களுக்கு ஆயுசுக்கும் மறக்காது.

---

நேர்ப்பேச்சு:

கடைசி பெஞ்ச் தம்பி சொல்வதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. பெற்றவர்களுக்கு உரிமை கிடையாதா? ஜெர்மனியில் 15 வயதுப் பெண் ஒருத்தி 2012-ல் ரயிலில் அடிபட்டு இறந்தாள். அவள் ஃபேஸ்புக் கணக்கைப் பார்க்க வேண்டும் என்று பெற்றோர் வருடக்கணக்கில் வழக்கு நடத்தினார்கள். 2018 ஜூலையில் அந்த நாட்டு மத்திய நீதிமன்றம், கடிதங்களும் நாட்குறிப்பும் வாரிசுக்குப் போகிற மாதிரி இதுவும் போகும் என்று சொல்லிவிட்டது. அது விபத்தா, அவளாகவே எடுத்த முடிவா என்று தெரிந்துகொள்ளத்தான் அவர்கள் அலைந்தார்கள்.

எனக்கு அது புரியும். என் மகன் தன் முடிவைத் தானே தேடிக்கொண்டான். 21 வயது. போன் திறந்தே கிடந்தது. ஒரு வாரம் தூங்காமல் எல்லாவற்றையும் படித்தேன். என்ன கிடைத்தது என்று சொல்கிறேன். அடுத்த மாதம் வீட்டுக்கு வருவதற்கு டிக்கெட் எடுத்துவைத்திருந்தான். நண்பனோடு ஒரு விளையாட்டைப் பற்றி விவாதம். தலைவலி ஏன் வருகிறது என்று தேடியிருந்தான். அவ்வளவுதான். காரணம் என்று ஒன்று அதில் எழுதியிருக்கவில்லை. ஒரே காரணம் என்று ஒன்று இருக்காது, பலதும் சேர்ந்துதான் நடக்கும் என்று மனநல மருத்துவர் பிறகு சொன்னார். அதை ஏற்றுக்கொள்ள எனக்கு வெகுகாலம் ஆயிற்று.

ஆனாலும் படித்ததற்கு வருத்தப்படவில்லை. படிக்காமல் இருந்திருந்தால் இன்றைக்கும் அதற்குள்தான் பதில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பேன்.

---

கடைசி பெஞ்ச்:

மன்னியுங்கள் ஐயா, உங்கள் விஷயம் வேறு. எந்த நிலையில் படித்தீர்கள் என்று தெரியாமல் பேசிவிட்டேன்.

ஆனால் அந்தப் பெண்ணுக்கு 15, இவர் மகனுக்கு 24. அந்த ஒன்பது வருடத்துக்கு ஒரு மரியாதை வேண்டாமா?

---

நல்லதே நடக்கும்:

கவலைப்படாதீர்கள் சார், காலம் எல்லாவற்றையும் ஆற்றும். துக்கத்துக்கு ஐந்து கட்டம் உண்டு, நீங்கள் இன்னும் மறுப்புக் கட்டத்திலேயே இருக்கிறீர்கள் போல, ஏற்றுக்கொள்ளும் கட்டம் வரும்போது சரியாகிவிடும். மூத்த மகன் என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படியானால் இன்னொரு பிள்ளை இருக்கிறது. அதை நினைத்து மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

---

பதினோராம் வருடம்:

ஒரு கண் போனால் இன்னொரு கண் இருக்கிறது என்று சந்தோஷப்படச் சொல்வீர்களா? நல்ல எண்ணத்தில்தான் எழுதினீர்கள், தெரிகிறது. இருந்தாலும் அந்தக் கடைசி இரண்டு வரியை யாரிடமும் சொல்லாதீர்கள். அதைக் கேட்டுவிட்டு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதவர்கள் இங்கே நிறைய.

---

இரவுப்பணி:

செவிலியர். 19 வருடம். இரண்டு விஷயம் மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

அந்த ஐந்து கட்டம் எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-ல் எழுதியது. அது சாகப்போகிற நோயாளிகளோடு பேசி எழுதியது. பிள்ளையை இழந்தவர்கள் ஏறிப்போக வேண்டிய படிக்கட்டு அல்ல. எந்தப் படியில் நிற்கிறேன், ஏன் இன்னும் மேலே போகவில்லை என்று தங்களையே குற்றம் சொல்லிக்கொள்கிற அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன். ஒரு நேரம் இழப்புக்குள் முழுகுவதும், இன்னொரு நேரம் அதைத் தள்ளிவைத்து வேலையைப் பார்ப்பதும், மாறி மாறி இரண்டும் நடக்கும், இரண்டும் வேண்டும் என்று ஷ்ட்ரோபே, ஷுட் என்ற ஆய்வாளர்கள் இருவர் 1999-ல் எழுதினார்கள். ஆஸ்பத்திரியில் நான் பார்க்கிற குடும்பங்களுக்கு இதுதான் பொருந்துகிறது. உங்கள் வீட்டில் அம்மா முதலாவதையும் நீங்கள் இரண்டாவதையும் பங்கு போட்டுக்கொண்டீர்கள் போலிருக்கிறது ஐயா. பேசாதவர் மறந்தவர் ஆகிவிட மாட்டார், ஆனால் அதை அவர்களிடம் வாயால் சொல்லியிருக்கிறீர்களா?

இரண்டாவது, எல்லாருக்கும். நாட்கள் போகப்போகவும் ஏக்கம் துளியும் தளராமல், தினப்படி வாழ்க்கையே நடக்கவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். நீடித்த துக்கம் என்பதை இப்போது மருத்துவத்தில் தனிக் கோளாறாகவே வைத்திருக்கிறார்கள், உலகச் சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் ஆறு மாதம், அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டின் 2022 பதிப்பில் பெரியவர்களுக்கு ஒரு வருடம் என்று அளவு. அழுதால் நோய் என்று அர்த்தமில்லை. எழுந்திருக்கவே முடியவில்லை, உயிரோடு இருக்கவே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் காத்திருக்காதீர்கள் என்பதுதான்.

---

மூடிய அறை:

அம்மா, தப்பாக நினைக்காதீர்கள், 1969, 1999 எல்லாம் எனக்கு ஏறவில்லை. என் பையனுக்கும் வருடக்கணக்குக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு நிமிடம் கோபம்கூட வந்தது.

ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில், இல்லை. அவளிடம் சொன்னதில்லை.

---

இரவுப்பணி:

கோபப்படுங்கள் ஐயா, பரவாயில்லை. வருடக்கணக்கு ஏறாவிட்டால் இதையாவது கேளுங்கள். பாசத்தை மெல்ல மெல்ல விடுவித்துக்கொள்வதுதான் துக்கத்தின் வேலை என்று எழுதியவர், மனப்பகுப்பாய்வு முறையை உருவாக்கிய மருத்துவர் ஃப்ராய்ட். பிறகு அவர் மகள் 26 வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். ஒன்பது வருடம் கழித்து, மகனை இழந்த ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில், இன்றைக்கு என் மகளுக்கு 36 வயது நிறைந்திருக்கும் என்று எழுதுகிறார். அந்த இடம் நிரம்பவே நிரம்பாது, நிரம்பினாலும் அது வேறு ஏதோவாகத்தான் இருக்கும் என்கிறார். ஊருக்கே பாடம் சொன்ன மனிதர் உட்கார்ந்து மகளுக்கு வயது எண்ணிக்கொண்டிருக்கிறார், பாருங்கள்.

---

பதினோராம் வருடம்:

என் மகனுக்கு இந்த வருடம் 37. நானும் எண்ணுகிறேன்.

---

இரண்டாவது பிள்ளை:

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். என் அண்ணன் 25 வயதில் போனான். அப்போது எனக்கு 20. இப்போது 28. என் அண்ணனைவிட எனக்கு மூன்று வயது கூட. இதைச் சொன்னால் யாரும் புரிந்துகொள்வதில்லை, ஆனால் 26-ஆவது பிறந்தநாள் அன்று நான் வீட்டுக்கே போகவில்லை.

எங்கள் வீட்டில் அண்ணன் செத்த பிறகு ரொம்ப நல்லவனாகிவிட்டான். சுவரில் அவன் படம், அவன் மார்க், அவன் கையெழுத்து. அவன் என்னிடம் பணம் வாங்கித் திருப்பித் தந்ததே இல்லை, என் டைரியை நண்பர்களிடம் படித்துக் காட்டினான், ஒரு தடவை குடித்துவிட்டு வந்து மொட்டைமாடியில் படுத்தவனை அப்பாவுக்குத் தெரியாமல் நான்தான் கீழே கூட்டிவந்தேன். எனக்குத் தெரிந்த அண்ணன் இதுதான், இவனைத்தான் எனக்குப் பிடிக்கும். இவனைப் பற்றி வீட்டில் வாயைத் திறக்க முடியாது. சுவரில் இருப்பவன் எனக்கு யாரோ. உயிரோடு இருப்பதால் குறைகளெல்லாம் என்னிடம் மட்டுமே மிச்சம்.

அங்கிள், நீங்கள் நண்பர்கள், போன், கணக்கு, எல்லாவற்றைப் பற்றியும் எழுதிவிட்டீர்கள். இன்னொரு பிள்ளை இருக்கிறது என்று வேறு யாரோ சொல்லித்தான் தெரிகிறது. அவர்களிடம் கேட்டீர்களா?

---

சுவர்க்கடிகாரம்:

இந்தத் தங்கை சொன்னதைப் படித்துவிட்டு என் மகளைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன், அவள் தூங்குகிறாள்.

என் மகன் 22 வயதில் விளையாடும்போது விழுந்தான், எழவில்லை. பிரேதப் பரிசோதனையில் இதயத் தசை தடித்திருந்தது என்று வந்தது. பரம்பரையாக வருவது, பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு, கூடப்பிறந்தவர்களையும் உங்களையும் சோதிக்க வேண்டும் என்றார்கள். ஈசிஜி, எக்கோ எடுத்ததில் மகளுக்கும் இருந்தது. இப்போது மாத்திரை, வருடாவருடம் பரிசோதனை, நன்றாக இருக்கிறாள். இளம் வயதில் காரணம் தெரியாமல் யாராவது திடீரென்று போயிருந்தால் குடும்பத்தில் மற்றவர்களும் இதயத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

"அண்ணன் போய்த் தங்கச்சியைக் காப்பாத்திட்டான்" என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவே இல்லை. அவன் யாரையும் காப்பாற்றப் போகவில்லை, பந்து விளையாடப் போனான். அதைவிட, என் மகள் அதை நம்ப ஆரம்பித்துவிட்டாள். அவன் பங்கையும் சேர்த்து நன்றாக வாழ வேண்டுமாம். ஒரு பரீட்சையில் மார்க் குறைந்தால் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி அழுகிறாள். சும்மா இரு, உன் பங்கை மட்டும் வாழ்ந்தால் போதும் என்று தினம் சொல்கிறேன்.

---

புதிதாக வந்தவர்:

சுருக்கமாக ஒன்று கேட்கலாமா, "எத்தனை பிள்ளைகள்" என்று யாராவது கேட்டால் எல்லாரும் என்ன சொல்கிறீர்கள்? நேற்று வங்கியில் ஒரு அம்மா கேட்டார். ஒன்று என்று சொல்லிவிட்டு வந்தேன், ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. ஆறு மாதம்தான் ஆகிறது.

---

பதினோராம் வருடம்:

ஆளைப் பார்த்துச் சொல்வேன். இரண்டு நிமிடத்தில் பிரியப்போகிற ஆளுக்கு என்ன வாயில் வருகிறதோ அது. ஒன்று என்று சொன்னதால் உங்கள் பிள்ளை இல்லையென்று ஆகிவிடாதம்மா. பழகப்போகிறவர் என்றால் "ரெண்டு பேர், பெரியவன் இப்ப இல்ல" என்பேன். அதற்கு மேல் அவர்கள்தான் திணறுவார்கள், திணறட்டும்.

---

மூடிய அறை:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லாவற்றையும் திரும்பத் திரும்பப் படித்தேன், மனைவிக்கும் படித்துக் காட்டினேன். இரவுப்பணி அம்மா கேட்டதற்குப் பதிலாக அதுதான் என்னால் முடிந்தது, சொந்தமாகச் சொல்ல வாய் வரவில்லை, இந்த இழையின் முதல் பதிவை அப்படியே வாசித்தேன். "போனைக் கைமாற்றியிருக்கிறேன்" என்ற இடத்தில் குரல் நின்றுபோனது. அவள் வாங்கி மீதியைப் படித்தாள். பிறகு, "நீங்க குடுக்கறப்ப அவன் சிரிப்பான், அப்பா இன்னிக்கு ஒரு நிமிஷம் பேசிட்டாரும்மா, ரெக்கார்டுன்னு சொல்வான்" என்றாள். மூன்று வருடமாக இதை என்னிடம் சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை.

இரண்டாவது பிள்ளை, உன் பதிவு எனக்குச் சாட்டையடி. சின்னவனுக்கு இப்போது 21. அண்ணன் வேலையில் இருந்த கடைசி வருடம் இவன் ஒரு கோடை விடுமுறை முழுக்க அங்கே போய் அவனோடு தங்கியிருந்தான். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்டதில்லை, அவனை அழவைத்துவிடுவோமோ என்று. போன ஞாயிறு அவன் அறைக்குப் போனேன். பதினோராம் வருடம் அம்மா சொன்ன மாதிரி சின்னதாக ஆரம்பித்தேன், அண்ணன் காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பான் என்று. ஒரு மாதிரி பார்த்தான். "எந்திரிக்கவே மாட்டான்பா, அலாரத்த என் காது பக்கத்துல வெச்சுட்டு அவன் தூங்குவான், நான்தான் எந்திரிச்சு அவன எழுப்பணும்" என்றான். அங்கிருந்து ஆரம்பித்து ராத்திரி ஒன்றரை வரைக்கும் பேசினான். நண்பன் ஒருவனிடம் வாங்கின கடன், ஆபீசில் மேலாளரோடு போட்ட சண்டை, அறையில் உட்கார்ந்து சத்தமாகப் பாடுவது, அதுவும் சுருதியே சேராமல். வாடகைக் கதையும் உண்மைதானாம், ஆனால் நண்பர்கள் சொன்ன அளவுக்கு இல்லை, வீட்டுக்காரர் மறக்க மாட்டார், அடுத்த நாள் வருவாராம்.

எழுந்து வரும்போது போனைப் பற்றிச் சொன்னேன், திறக்கலாமா என்று நானும் அம்மாவும் யோசிக்கிறோம் என்று. கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "எனக்கு நம்பர் தெரியும்பா" என்றான்.

மூன்று வருடமாகத் தெரியும். யாரும் கேட்கவில்லையாம். முதல் வாரத்திலேயே ஒரு தடவை திறந்திருக்கிறான். ஒரு பெண்ணுக்குத் தகவல் சொல்ல வேண்டியிருந்ததாம், அவளுக்குச் சொல்ல வேறு யாரும் இல்லை என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. சொல்லிவிட்டு மூடிவைத்தவன் பிறகு தொடவில்லை. 18 வயசுப் பையன். அந்தப் பெண்ணிடம் என்ன சொன்னான், எப்படிச் சொன்னான் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"நம்பர் சொல்லட்டுமாப்பா?" என்று கேட்டான். வேண்டாம், நீயே வெச்சுக்கோ என்று சொல்லிவிட்டேன். நேர்ப்பேச்சு ஐயா, நீங்கள் செய்ததைத் தப்பென்று சொல்லவில்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் படித்திருப்பேன். எனக்குத் தெரியாததைத் தெரிந்த ஒருவன் வீட்டிலேயே இருக்கிறான், மெதுவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

கடைசி பெஞ்ச் தம்பி, அந்த அப்பாவுக்குப் போன் செய்யுங்கள். நீங்கள் தூங்கிக்கொண்டிருந்ததை அவர் கேட்க மாட்டார். கேட்டால் சொல்லிவிடுங்கள், அவருக்கு அதுவும் வேண்டியிருக்கும்.

வன்பொருள்காரன் தம்பி, பேட்டரி மாற்றியாகிவிட்டது. சின்னவனே கூட்டிப்போய் மாற்றினான், பக்கத்திலேயே நின்றேன். ஆன் செய்தபோது திரையில் அவன் வைத்திருந்த படம் வந்தது. ஒரு படிக்கட்டு, அதில் யாருடைய செருப்போ ஒற்றையாகக் கிடக்கிறது. ஏன் இதை வைத்திருந்தான் என்று கேட்டால் சின்னவன் சிரிக்கிறான், அது அவனுடைய செருப்பாம், கதை பெரிசாம், அடுத்த ஞாயிறு சொல்கிறேன் என்றான்.

இப்போது 52 சதவீதம் காட்டியது, அப்படியே அணைத்து அலமாரியில் வைத்திருக்கிறோம். பாதி என்றீர்கள், இரண்டு கூட இருந்தால் பரவாயில்லையா?

---

வன்பொருள்காரன்:

பரவாயில்லை சார். ஆறு மாதம் கழித்து ஞாபகப்படுத்துகிறேன்.

---

மூடிய அறை:

வேண்டாம் தம்பி, மனைவி காலண்டரில் குறித்துவிட்டாள்.